குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு வளைபாதம்: டாக்டர் ஏன் காத்திருக்கச் சொல்றாங்க?

30 வாரத்துலயே பொறந்த குழந்தை, எடை ஒன்றரை கிலோ கூட இல்ல, என்ஐசியூல, அதாவது பச்சைக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, ஆக்சிஜன் குழாயோட கிடக்குது. ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கி இருக்கு. வெளிய வராண்டால நிக்கிற சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "காலு இப்படி இருக்கே, இன்னும் ஏன் ஒண்ணும் பண்ணாம வச்சிருக்காங்க?" ஒருத்தர் எலும்பு முத்திடும்ங்கறாங்க, இன்னொருத்தர் கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பேன்னு அம்மாவையே குத்தம் சொல்றாங்க, பாட்டி வெளக்கெண்ணெய் தேய்ச்சு நீவி விட்டா சரியாப் போகும்ங்கறாங்க. பிசியோவா குழந்தைங்க பிரிவுல வேலை பாக்குறதால இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேக்குறேன். எல்லாருமே அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா அத்தனையும் போய் விழுறது அந்த அம்மா தலையிலதான். அதான் முதல்லேருந்து எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். வளைபாதம் ஒரு எமர்ஜென்சி கிடையாது. குறைமாசக் குழந்தைக்கு சில வாரம் பொறுத்து சிகிச்சை ஆரம்பிக்கிறது அலட்சியம் இல்ல, பல நேரம் அதுதான் சரியான முடிவு. ஆனா பொறுக்கச் சொன்னதை மறந்துபோறது வேற விஷயம், அது நடக்கவே கூடாது.

வளைபாதம்னா என்ன?

பாதம் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் மடங்கி, குதிகால் மேல ஏறி, உள்ளங்கால் இன்னொரு காலைப் பாக்குற மாதிரி இறுகிப் போயிருக்கிற நிலைதான் வளைபாதம். கிளப்ஃபூட்னு டாக்டர்கள் சொல்றதும் இதைத்தான். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைல ஒண்ணுக்கு வரும், ஆண் குழந்தைக்கு பெண் குழந்தையை விட ரெண்டு மடங்கு வரும், பாதிப் பேருக்கு ரெண்டு காலுலயும் இருக்கும். அஞ்சாவது மாசம் எடுக்குற அனாமலி ஸ்கேன்லயே சில நேரம் தெரிஞ்சுடும்.

ஏன் வருதுன்னு கேட்டா, பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஒரே ஒரு காரணத்தைக் கை காட்ட முடியாது. குடும்பத்துல யாருக்காவது இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஒரு சின்னப் பங்குக் குழந்தைங்களுக்கு மட்டும் முதுகுத்தண்டு, நரம்பு, தசை சம்பந்தப்பட்ட வேற பிரச்சனையோட சேர்ந்து வரும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அம்மா என்ன சாப்பிட்டாங்க, எந்தப் பக்கம் படுத்தாங்க, எவ்வளவு நேரம் நின்னாங்கங்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. இதை வீட்ல இருக்குற பெரியவங்க காதுல விழுற மாதிரி யாராவது சொல்லணும்.

குழந்தைக்கு இது வலிக்காது. பாக்குற நமக்குத்தான் வலிக்குது.

மடங்கின பாதம் எல்லாமே வளைபாதம் இல்ல

சில குழந்தைங்களுக்கு பாதம் மடங்கி இருக்கும், ஆனா கையால மெதுவா நகர்த்துனா நேரா வந்துடும், இன்னும் கொஞ்சம் போய் மறுபக்கமும் சாயும். கர்ப்பப்பைக்குள்ள கிடந்த வாக்குல வந்த மடிப்பு அது. கட்டெல்லாம் தேவைப்படாம தானாவோ இல்ல கொஞ்சம் பயிற்சியிலயோ சரியாயிடும். நிஜமான வளைபாதம் அப்படி வராது. பாதிலயே நின்னுடும், குதிகாலுக்கு மேல ஒரு ஆழமான மடிப்புக்கோடு இருக்கும், உள்ளங்கால் நடுவுலயும் ஒரு மடிப்பு இருக்கும், குதிகாலைத் தொட்டா எலும்பு கைக்குத் தட்டுப்படாம பஞ்சு மாதிரி காலியா இருக்கும்.

பாட்டிங்க எண்ணெய் தேய்ச்சு சரியாச்சுன்னு சொல்றதெல்லாம் அந்த முதல் வகைதான். அவங்க பொய் சொல்லல, அந்தக் குழந்தைக்கு இருந்தது வளைபாதமே இல்ல, அவ்வளவுதான்.

குறைமாசக் குழந்தைகிட்ட இதைப் பிரிச்சுப் பாக்குறது கொஞ்சம் கஷ்டம். குறைமாசம்னா 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பொறக்குறது. நிறைமாசக் குழந்தையோட பாதத்தை மேல மடக்கினா முட்டிக்குக் கீழ காலோட முன்பக்கத்தைப் போய்த் தொட்டுடும், ஆனா சீக்கிரமா பொறந்த குழந்தைக்கு இயல்பாவே அவ்வளவு தூரம் மடங்காது. பாதம் மேல வரலங்கற ஒரு விஷயத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. டாக்டர் ஒரு தடவை பாத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் வந்து பாக்குறேன்னு சொன்னா அதுக்கு இதெல்லாம் காரணம்.

தோலுக்கு உள்ள என்ன நடந்திருக்கு?

பொறந்த குழந்தையோட பாதத்துல பெரும்பகுதி இன்னும் எலும்பே ஆகல, குருத்தெலும்பாத்தான் இருக்கு. குதிகால் எலும்பு கர்ப்பத்தோட ஆறாவது மாச வாக்குல எலும்பா மாற ஆரம்பிக்கும், அதுக்கு மேல இருக்குற டேலஸ்ங்கற எலும்பு ஏழாவது மாச வாக்குல. பாதத்தோட உள்பக்கம் இருக்குற நாவிகுலர்ங்கற எலும்பு எக்ஸ்ரேல தெரியவே ரெண்டு மூணு வயசு ஆகும். எலும்பு முத்திடும்னு பயப்படுறவங்களுக்கு இதைத்தான் நான் சொல்றது, சில வாரத்துல முத்திப் போற அளவுக்கு அங்க எலும்பே இன்னும் வரல. பொறந்ததும் எக்ஸ்ரே எடுக்காம விடுறதும் இதனாலதான், எடுத்தாலும் பாக்குறதுக்குப் பெருசா எதுவும் இருக்காது.

உண்மையான சிக்கல் எலும்புகளைச் சேத்துப் பிடிச்சிருக்கிற தசைநார்கள்ல இருக்கு. பின்பக்கமும் உள்பக்கமும் இருக்குற நார்கள் தடிச்சு, குட்டையாகி, பாதத்தை உள்ள இழுத்துக் கட்டி வச்சிருக்கு.

இது எப்படி சரியாகுதுன்னு புரியறதுக்கு ஒரு கதவை நினைச்சுக்கோங்க. டேலஸ் எலும்பு கணுக்காலுக்குள்ள ரெண்டு கால் எலும்புக்கு நடுவுல வசமா மாட்டிக்கிட்டு இருக்கு, ஒரு தசை கூட அதுல ஒட்டல. அது கதவோட நிலை மாதிரி. மத்த எலும்பெல்லாம், குதிகால் உட்பட, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு அந்த நிலையைச் சுத்தித் திரும்புற கதவு. வளைபாதத்துல அந்தக் கதவு உள்பக்கமா சாத்திக் கிடக்கு. நிலையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு கதவோட வெளி ஓரத்தைத் தள்ளினா முழுக் கதவும் தொறக்கும். கதவோட நடுவுல ஒரு கையை முட்டுக் கொடுத்துட்டு ஓரத்தைத் தள்ளினா கதவு வளையும், ஆனா தொறக்காது.

பழைய காலத்துல பல டாக்டர்கள் அந்த நடுப்பகுதியிலதான் அழுத்துனாங்க. பாதத்தோட முன்பக்கம் மட்டும் திரும்பும், குதிகால் அப்படியே மாட்டிக்கிட்டு நிக்கும், மாசக்கணக்கா கட்டு போட்டும் சரியாகாம கடைசில பெரிய ஆபரேஷன்ல போய் முடியும். ஆபரேஷன் பண்ண பாதம் பாக்குறதுக்கு நேரா இருக்கும், ஆனா பெரியவங்களானதும் பல பேருக்கு இறுக்கமும் வலியும் வந்துச்சு.

பொன்செட்டி முறை

இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயின் நாட்டோட மெனோர்கா தீவுல 1914ல பொறந்தவர். உள்நாட்டுப் போர்ல காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பாத்து, அப்புறம் பிரான்ஸ், மெக்சிகோ வழியா அமெரிக்காவோட அயோவா பல்கலைக்கழகத்துக்கு 1941ல போய்ச் சேந்தார். 1940கள் கடைசில அவர் உருவாக்க ஆரம்பிச்ச முறைதான் இன்னைக்கு உலகம் முழுக்க வளைபாதத்துக்கு முதல் சிகிச்சை. 1963லயே கட்டுரை எழுதிட்டார், ஆனா மத்த டாக்டர்கள் பரவலா ஏத்துக்கிட்டது 1990கள்ல பெற்றோர்களே இதைத் தேடிப் போக ஆரம்பிச்சப்புறம்தான். அவர் பொறந்த ஜூன் 3ஐத்தான் உலக வளைபாத நாளா வச்சிருக்காங்க.

முறை இதுதான். டேலஸோட தலைப்பகுதி பாதத்தோட வெளிப்பக்கம் ஒரு சின்ன முண்டு மாதிரி தட்டுப்படும். டாக்டர் ஒரு கட்டைவிரலை அதுமேல வச்சுக்கிட்டு, இன்னொரு கையால முன்பாதத்தை மெதுவா வெளிப்பக்கம் திருப்புவார், குதிகாலைத் தொடவே மாட்டார். எவ்வளவு வந்துச்சோ அந்த இடத்துல வச்சு தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முட்டியை மடக்கித்தான் கட்டணும், இல்லன்னா கட்டு நழுவும், பாதமும் உள்ள சுத்திக்கும். ஒரு வாரம் கழிச்சு அவுத்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, அடுத்த கட்டு. சாதாரணமா அஞ்சுலேருந்து ஏழு கட்டுக்குள்ள பாதம் வெளிப்பக்கம் நல்லா திரும்பிடும்.

வாரத்துக்கு ஒரு தடவைங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த நார்களை மைக்ராஸ்கோப்ல பாத்தா அலை அலையா இருக்கும். மெதுவா இழுத்துப் பிடிச்சா அந்த அலை நிமிரும், சில நாள்ல மறுபடியும் அலை உருவாகும், ஆனா இந்தத் தடவை நீளம் கூடின நாருல. அப்போ மறுபடியும் இழுக்கலாம். பலம் போட்டு ஒரே நாள்ல இழுத்தா நார் கிழியும், தழும்பாகும், இன்னும் இறுகும். இது பலத்தால ஆகுற வேலை இல்ல.

முதல் கட்டு போட்டதும் பல அம்மாக்கள் அழுதுடறாங்க, ஏன்னா பாதம் முன்னைவிட மோசமா உள்பக்கம் பாக்குற மாதிரி தெரியும். அது வேணும்னே செய்யறது. முன்பாதம் குதிகாலைவிட கீழ்நோக்கி முறுக்கியிருக்கும், முதல்ல அந்த முறுக்கை எடுத்து ரெண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டு வரணும், அப்பதான் மொத்தமா திருப்ப முடியும். அதே மாதிரி கடைசி கட்டுல பாதம் 60, 70 டிகிரி வெளிப்பக்கம் திரும்பி விகாரமா தெரியும். அதுவும் வேணும்னேதான், பின்னாடி கொஞ்சம் உள்ள வரும்னு கணக்குப் பண்ணி வைக்கிறது.

கடைசில மிச்சம் இருக்கறது குதிகால் மேல ஏறி நிக்கிறது. பின்னங்கால்ல இருக்குற குதிகால் நரம்புன்னு நம்ம சொல்ற தடிச்ச நார், அக்கிலிஸ் தசைநார், வெறும் கட்டு போட்டா இளகாது. பத்துக்கு எட்டு ஒன்பது குழந்தைங்களுக்கு அதை ஒரு சின்ன பிளேடால வெட்டி விடுவாங்க, அதுக்குப் பேர் டெனாட்டமி. தையல் கூட தேவைப்படாத அளவு சின்ன வெட்டு. அப்புறம் மூணு வாரம் ஒரு கட்டு, அதுக்குள்ள வெட்டுன நார் நீளமா மறுபடியும் வளர்ந்து சேந்துடும். அதுக்கப்புறம் பிரேஸ்னு சொல்ற கம்பி வச்ச ஷூ, அதைப் பத்தி தனியா சொல்றேன்.

அயோவால சின்ன வயசுல இப்படி சிகிச்சை எடுத்தவங்களை சராசரியா 30 வருஷத்துக்கு மேல கழிச்சு கூப்பிட்டுப் பாத்தாங்க, 1995ல அந்த முடிவு வெளியாச்சு. 78 சதவீதம் பேரோட பாதம் நல்லா வேலை செஞ்சுது. பாதத்துல எந்தக் குறையும் இல்லாம பொறந்தவங்களை அதே அளவுகோல்ல பாத்தப்போ அது 85 சதவீதம். ரெண்டுக்கும் இடையில எவ்வளவு கொஞ்சம் வித்தியாசம்னு பாருங்க.

இதுவரைக்கும் வந்ததைச் சுருக்கிடறேன்: நார் இறுக்கம்தான் பிரச்சனை, பாதத்தை டேலஸைச் சுத்தி மெதுவா வாராவாரம் திருப்பணும், கடைசில ஒரு சின்ன வெட்டு, அப்புறம் பிரேஸ். நிறைமாசக் குழந்தைக்கு இதைப் பொறந்த ஒண்ணு ரெண்டு வாரத்துலயே தொடங்குவாங்க.

குறைமாசக் குழந்தைக்கு மட்டும் என்ன மாறுது?

முறை மாறல, பொன்செட்டி முறையேதான். எப்போங்கறதுதான் மாறுது.

என்ஐசியூல ஒரு குழந்தையோட பாதத்தைக் கவனிச்சுப் பாருங்க. சர்க்கரை அளவு பாக்க குதிகால்லதான் குத்துவாங்க. ஆக்சிஜன் அளவு காட்டுற சிவப்பு லைட் பட்டையை பாதத்தைச் சுத்தித்தான் ஒட்டியிருப்பாங்க. கையில நரம்பு கிடைக்கலன்னா மருந்து ஏத்துற ஊசி கணுக்கால்லதான். அந்தக் கால்ல மாவுக்கட்டைப் போட்டு மூடிட்டா நர்ஸம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க குத்துவாங்க? அந்தக் கால் அப்போதைக்கு குழந்தையைக் காப்பாத்துற வேலைக்கு வேணும்.

அடுத்தது தோல். சீக்கிரம் பொறந்த குழந்தையோட தோல் மெழுகுத்தாள் மாதிரி மெல்லிசு, பிளாஸ்டரை ஒட்டி எடுத்தாலே உரிஞ்சு வந்துடும். மாவுக்கட்டு ஈரமா போடுறது, காயற நேரத்துல முதல்ல சூடாகும், அப்புறம் ஈரம் இருக்குற வரைக்கும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வார்மருக்குள்ள வச்சு கால் டிகிரிக்கு கணக்குப் பாத்துட்டிருக்குற குழந்தைக்கு இது லேசான விஷயம் இல்ல. அதோட சில குழந்தைங்களைத் தொட்டுத் தூக்கினாலே ஆக்சிஜன் இறங்கும், மூச்சு சில நொடி நின்னு அப்புறம் வரும். அந்த நிலையில இருபது நிமிஷம் காலைப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்ய யாரும் துணிய மாட்டாங்க, துணியவும் கூடாது. எடையை கிராம் கணக்குல தினமும் எழுதி, அதை வச்சுத்தான் பாலையும் மருந்தையும் கூட்டுவாங்க, ரெண்டு கால்லயும் கட்டு ஏறிட்டா அந்தக் கணக்கும் குழம்பும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெருசா படுற காரணம் ஒண்ணு இருக்கு, ஆனா அதை யாரும் பெற்றோர்கிட்ட விளக்கமா சொல்றதில்ல. 30 வாரக் குழந்தையோட பாதம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். நிறைமாசத்துல 8 சென்டிமீட்டர் பக்கம் வரும். 6 சென்டிமீட்டர் பாதத்துல டேலஸ் முண்டை விரலால தேடிப் பிடிக்கிறது, அனுபவம் உள்ளவங்களுக்கே சிரமம். இடம் தப்பி அழுத்துனா கதவு தொறக்காது. அதைவிட மோசம், சின்னக் கால்ல கட்டு நிக்காம நழுவும். நழுவுன கட்டுக்குள்ள பாதம் கொஞ்சம் கொஞ்சமா பின்னால போய் மடங்கி அழுந்தும், வீங்கும், பாதம் குட்டையாகி, கட்டைவிரல் மேல தூக்கிக்கிட்டு, உள்ளங்கால் குறுக்கே ஆழமா ஒரு கோடு விழும். இதைச் சிக்கலான வளைபாதம்னு சொல்றாங்க, சாதாரண வளைபாதத்தைவிட சரி பண்றது ரொம்பக் கஷ்டம், முறையையே மாத்த வேண்டியிருக்கும். அவசரப்பட்டு போட்ட கட்டு நல்லா வரவேண்டிய பாதத்தையும் கெடுத்துடலாம்.

அதனால பல டாக்டர்கள் குழந்தை தானா மூச்சு விட்டு, குழாயெல்லாம் கழட்டி, பால் குடிச்சு எடை ஏறி, நிறைமாசக் கணக்குக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. பாதம் 8 சென்டிமீட்டர் பக்கம் வரட்டும்னு பாக்குறவங்களும் உண்டு. சில ஆஸ்பத்திரில குழந்தை நல்லா தேறிட்டா வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே முதல் கட்டைப் போட்டுடுவாங்க. இது குழந்தைக்குக் குழந்தை மாறும், பக்கத்து பெட் குழந்தைக்குப் போட்டாச்சேன்னு ஒப்பிட வேண்டாம்.

காத்திருந்தா வாய்ப்பு போயிடுமான்னா, போகாது. பொன்செட்டி முறை சில மாசம் ஆன குழந்தைக்கும் நல்லா வேலை செய்யுது, நடக்க ஆரம்பிச்ச குழந்தைங்களையே இந்த முறையில சரி பண்ணியிருக்காங்க. குறைமாசக் குழந்தைக்கு அஞ்சு ஆறு வாரம் கழிச்சுத் தொடங்குறோம்னா, அது வயித்துக்குள்ள இருந்திருக்க வேண்டிய காலம்தானே.

காத்திருக்குற நாள்ல என்ன செய்யலாம்?

முழு உடம்பையும் பாத்துடுவாங்க. முதுகுல குழி, முடிக்கொத்து எதாவது இருக்கா, இடுப்பு மூட்டு சரியா இருக்கா, கை மூட்டுங்க எல்லாம் விரியுதா, கால் அசையுதான்னு. வேற பிரச்சனையோட சேர்ந்து வந்த வளைபாதம்னா இறுக்கம் அதிகமா இருக்கும், கட்டும் கூடுதலா தேவைப்படும், திரும்பி வர்ற வாய்ப்பும் அதிகம். அதை முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கறது நல்லது.

சில யூனிட்ல பிசியோ வந்து மெதுவா பாதத்தை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி சொல்லிக் கொடுப்பாங்க. சொல்லிக் கொடுத்தா, அவங்க காட்டின மாதிரி மட்டும் செய்யுங்க. சொல்லலன்னா நீங்களா எதுவும் பண்ண வேண்டாம். எண்ணெய் போட்டு நீவறது, பட்டை வச்சு துணி சுத்திக் கட்டுற நாட்டுக்கட்டு, ரெண்டும் வேண்டாம். பென்சில் தடிமன் கால்ல இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னுடும், அந்தக் குழந்தைக்கு அழுது சொல்லக்கூட தெம்பு இருக்காது. கங்காரு முறையில நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிறதுக்கு வளைபாதம் எந்தத் தடையும் இல்ல, தாராளமா பண்ணுங்க.

டிஸ்சார்ஜ் ஆகற நாள்தான் எனக்கு பயம். குறைமாசக் குழந்தைக்கு கண் பரிசோதனை, காது பரிசோதனை, தலை ஸ்கேன், எடை, தடுப்பூசின்னு ஒரு பெரிய பட்டியலைக் கையில கொடுத்து அனுப்புவாங்க. அம்மாவுக்கே இன்னும் உடம்பு தேறியிருக்காது. அந்தப் பட்டியல்ல எலும்பு டாக்டர் தேதி கடைசில இருக்கும், இல்ல இருக்கவே இருக்காது. "கொஞ்சம் வளரட்டும்னு சொன்னாங்க"ங்கற ஒரு வரி மட்டும் மனசுல நிக்கும், குழந்தை வளந்து எட்டு மாசம் கழிச்சு வருவாங்க. வளரட்டும்னு சொன்னா எவ்வளவு, எந்தத் தேதி, எந்த ரூம்னு கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரிலயே எழுதி வாங்கிடுங்க.

செலவைப் பத்தி யோசிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசோட ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம், ஆர்பிஎஸ்கேன்னு சொல்ற திட்டத்துல பிறவிக் குறைபாடுகள் பட்டியல்ல வளைபாதமும் இருக்கு, 2013லேருந்து நடக்குது. இதுக்குன்னு மாவட்ட அளவுல டிஇஐசின்னு சொல்ற, குறைபாட்டைச் சீக்கிரமே கவனிக்கிற மையங்கள் இருக்கு. பொறந்த ஆஸ்பத்திரிலயே கேட்டா அங்க அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுப்பாங்க.

கட்டு போட்டப்புறம் வீட்ல

கட்டு போடுற நேரத்துக்கு குழந்தையைப் பசியோட கூட்டிட்டு வாங்க, அங்கயே பால் கொடுங்க. பால் குடிக்கிற குழந்தையோட கால் அப்படியே தளர்ந்து கிடக்கும், டாக்டருக்கு வேலை சுலபம்.

வீட்டுக்குப் போனதும் முதல் நாள் அடிக்கடி விரலைப் பாருங்க. கட்டைவிரல் நுனியை லேசா அமுக்கினா வெளுக்கும், விட்டதும் ஒரு நொடி ரெண்டு நொடில ரோஸ் நிறம் திரும்பணும். திரும்பலன்னா, விரல் நீலமாவோ வீங்கியோ ஜில்லுன்னோ இருந்தா, ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, எல்லா விரலும் கட்டுக்கு வெளிய தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். நேத்து அஞ்சு விரல் முழுசா தெரிஞ்சது, இன்னைக்கு நுனி மட்டும் தெரியுதுன்னா கட்டு நழுவியிருக்கு. அடுத்த வாரம்தானே அப்பாயின்ட்மென்ட்னு விட்டுடாதீங்க, குறைமாசக் குழந்தைக்கு இது ரொம்ப முக்கியம், சிக்கலான வளைபாதம் உருவாகறதே இப்படித்தான். தினமும் விரலை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சா ஒப்பிட்டுப் பாக்க சுலபமா இருக்கும்.

தடுப்பூசி விஷயம் பல பேருக்கு கடைசி நேரத்துலதான் தெரிய வருது. ஆறு, பத்து, பதினாலு வாரத்துல போடுற ஊசிங்க பெரும்பாலும் தொடையிலதான் போடுவாங்க, குறைமாசக் குழந்தைக்கும் பொறந்த தேதியிலேருந்துதான் கணக்கு. ரெண்டு தொடையிலயும் கட்டு இருந்தா நர்ஸ் எங்க போடுவாங்க? அந்த வாரம் கட்டு அவுக்குற அன்னைக்கே ஊசி போட்டுட்டு அப்புறம் அடுத்த கட்டு போடுற மாதிரி ரெண்டு பேர்கிட்டயும் பேசி வச்சுக்கோங்க.

டெனாட்டமியும் மயக்க மருந்தும்

பல இடத்துல அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வைக்கிற ஊசி போட்டே டெனாட்டமி பண்ணிடறாங்க. சில இடத்துல முழு மயக்கம் கொடுப்பாங்க. குறைமாசக் குழந்தைக்கு முழு மயக்கம்னா கூடுதல் கவனம் வேணும், ஏன்னா அதுக்கப்புறம் சில மணி நேரம் வரைக்கும் மூச்சு திடீர்னு நின்னு போற ஆபத்து இவங்களுக்கு உண்டு. கர்ப்பத்துலேருந்து எண்ணி ஏறக்குறைய 60 வாரம் ஆகுற வரைக்கும் இந்த எச்சரிக்கை இருக்கும், ரத்தசோகை இருந்தா இன்னும் அதிகம். அதனால ஒரு ராத்திரி மானிட்டர்ல வச்சுப் பாத்துட்டு அனுப்புவாங்க. பெருசா ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்க வேண்டாம். நீங்க செய்ய வேண்டியது, குழந்தை எத்தனை வாரத்துல பொறந்துச்சு, வென்டிலேட்டர்ல இருந்துச்சா, மூச்சு நின்ன வரலாறு உண்டாங்கறதை டெனாட்டமி பண்ற டாக்டர்கிட்டயும் மயக்க டாக்டர்கிட்டயும் நீங்களே வாய் விட்டுச் சொல்றது. ஃபைல்ல இருக்கும்னு நம்பி விட்டுடாதீங்க.

பிரேஸ்தான் பாதி சிகிச்சை

ரெண்டு ஷூ, நடுவுல ஒரு கம்பி, இதுதான் பிரேஸ். சரியான பாதத்தை சரியாவே வச்சுக்கிறது இதோட வேலை. முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், அதுக்கப்புறம் தூங்குற நேரம் மட்டும், நாலு அஞ்சு வயசு வரைக்கும். ஒரு கால்லதான் வளைபாதம்னாலும் ரெண்டு கால்லயும் போடணும், இன்னொரு கால் இல்லாம கம்பி நிக்காது.

வளைபாதம் திரும்பி வர்றதுக்கு மிகப் பெரிய காரணம் பிரேஸை நிறுத்தறதுதான். காரணமும் புரியுது, பாதம் பாக்க அழகா ஆயிடுச்சு, குழந்தை அழுது, வீட்ல பெரியவங்க "பச்சைக் குழந்தைக்கு விலங்கு மாட்டி வச்சிருக்கே"ங்கறாங்க. ஆனா அந்த நார்கள்ல இறுகுற குணம் இன்னும் சில வருஷம் இருக்கும், ராத்திரி ராத்திரி அது இழுத்துக்கிட்டே இருக்கும்.

குறைமாசக் குழந்தைக்கு பிரேஸ்ல ஒரு தனிச் சிக்கல், ஷூ பெருசா இருக்கும். கடைசி கட்டு அவுக்குற அன்னைக்கு போய் அளவு பாத்தா கையிருப்புல இருக்குற சின்ன சைஸே லொடலொடன்னு ஆடும், குதிகால் உள்ள உக்காராது, ஒரே நாள்ல தோல் உரிஞ்சுடும். பிரேஸ் இல்லாம ஒரு வாரம் விட்டா பாதம் மறுபடியும் உள்ள மடங்க ஆரம்பிச்சுடும். டெனாட்டமிக்கு முன்னாடியே பாதத்தை அளந்து ஷூ ஆர்டர் போடச் சொல்லுங்க. சைஸ் கிடைக்கலன்னா, கிடைக்கிற வரைக்கும் இன்னொரு கட்டுல வச்சிருக்கச் சொல்லிக் கேக்கலாம். மெல்லிசா, தையல் உறுத்தாத காட்டன் சாக்ஸ் போட்டு, குதிகால் அடியில நல்லா உக்காந்திருக்கான்னு பாத்து, நடு பட்டையை முதல்ல இறுக்கணும்.

நடக்குற வயசு எப்படி எண்ணுறது?

வளைபாதத்துக்கு சிகிச்சை எடுத்த குழந்தைங்க மத்தவங்களைவிட ஒண்ணு ரெண்டு மாசம் தாமதமா நடப்பாங்க. அதோட குறைமாசமும் சேரும்போது குழந்தையோட வயசையே வேற மாதிரி எண்ணணும். ரெண்டு மாசம் முன்னாடி பொறந்திருந்தா இன்னைய வயசுலேருந்து அந்த ரெண்டு மாசத்தைக் கழிக்கணும், அதுதான் திருத்தப்பட்ட வயசு. அப்போ 14 மாசக் குழந்தைக்கு நிஜக் கணக்குல 12 மாசம்தான். எதிர் வீட்டுப் பையன் ஓடுறானே, இவன் இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானேன்னு பிரேஸ் மேல பழி போட்டு கழட்டிடாதீங்க. ராத்திரி போடுற பிரேஸ் பகல்ல நடக்குறதைத் தடுக்காது. கழுத்து நிக்கல, ஒரு பக்கக் கையை மட்டும்தான் பயன்படுத்துறான், உடம்பு விறைக்குதுன்னு தோணினா அதுக்கு பாதம் காரணமா இருக்காது, குழந்தை டாக்டர்கிட்ட தனியா காட்டணும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தைக் காட்டிக்கிட்டே இருங்க. குதிகால் தரையைத் தொடாம நடக்குறது, முன்பாதம் மறுபடி உள்ள பாக்குறது தெரிஞ்சா சீக்கிரமே போனா ரெண்டு மூணு கட்டுலயே சரியாயிடும். குழந்தை வளர்ற வேகத்துக்கு ஷூ சின்னதாகிக்கிட்டே போகும், கட்டைவிரல் ஷூ நுனியைத் தாண்டி மடங்க ஆரம்பிச்சா அடுத்த சைஸ் கேட்டு வாங்கிடுங்க.